வால்வு கத்தாத வெள்ளிக்கிழமை

என் அத்தா சாந்த் பாஷா ஒரே ஒரு சொல்லைக் கேட்பதற்காக நான்கு வருடங்கள் மாதம் தவறாமல் தொண்டூருக்கு பஸ் ஏறினார். ‘பொறுத்துக்கினேன்’ என்ற சொல். அதைச் சொல்ல வேண்டியவர் ஆண்டாள். எங்கள் மில்லில் பாய்லர் வெடித்து இறந்த பச்சைமுத்துவின் மனைவி. அவர் சொல்லவில்லை. அத்தா போன நவம்பரில் இறந்துவிட்டார். அறுபது வயது.

நான் டிப்ளமோ மெக்கானிகல் படித்தவன். திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. எங்கள் ஊர் செஞ்சியில் அத்தாவைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நல்ல மனுசன், நேரம் சரியில்லை என்பது ஒன்று. ஆளைக் கொன்ன மில்லுக்காரர் என்பது இன்னொன்று. இரண்டும் நடந்ததற்குப் பொருந்தவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அத்தா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பதினைந்து வயதில் நெல் மண்டியில் சாக்கு தைக்கப் போனார். கோணி ஊசி இடது கட்டைவிரலில் போட்ட வடு கடைசி வரை இருந்தது. பிறகு மாட்டு வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அவலூர்பேட்டைப் பக்கம் நெல் வாங்கி வந்து மண்டிகளுக்குப் போட்டார். 1969இல், மூடிக் கிடந்த ஒரு எண்ணெய் ஆலையிலிருந்து பழைய பாய்லர் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அது லாரியில் வந்து திண்டிவனம் ரோட்டில் இறங்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயது. பாதி ஊர் வேடிக்கை பார்க்க நின்றது.

“இன்னா பாய், ரயில வாங்கியாந்துட்ட?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“ரயிலுதான். ஆனா இது நின்ன எடத்துலயே ஓடும்” என்றார் அத்தா.

மில் அப்படித்தான் தொடங்கியது. விவசாயிகள் கொண்டுவரும் நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, பாய்லர் ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து, அரைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் கூலி. நெல் எங்களுடையது அல்ல. இதை அத்தா ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார். களத்தில் ஒரு கைப்பிடி நெல் சிதறினாலும், “ஊரான் ஊட்டு நெல்லு, கூட்டி அள்ளுங்க” என்பார்.

மில்லுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை ஜும்ஆ தொழுகை நேரம். அந்த ஒரு மணி நேரம் மில் ஓடாது. சாக்கு தைத்த காலத்தில் மண்டிக்காரர் அவரைத் தொழுகைக்கு விட்டதில்லை. ‘அல்லா எங்கியும் போவ மாட்டாரு, லோடு போயிடும்’ என்பாராம். அந்தப் பேச்சு அத்தாவின் மனதில் தைத்திருந்தது. தன் இடத்தில் ஒருவரும் கடவுளுக்காக நேரம் கேட்டுக் கை கட்டி நிற்கக்கூடாது என்று முடிவு செய்தார். முஸ்லிம்களுக்கு மட்டும் விடுப்பு கொடுத்தால் மற்றவர்கள் மனம் கோணும். அதனால் எல்லோருக்கும் ஓய்வு. நெல் கிளறும் பெண்கள் களத்தின் கோடியில் இருந்த வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சீட்டாடுவார்கள். சீசன் நேரத்தில் விவசாயிகள் வண்டியோடு காத்திருப்பார்கள். அத்தா அசைய மாட்டார். அந்தச் சட்டத்தில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. தன்னை நல்ல முதலாளி என்று அவர் நம்பியதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு மணி நேரம்தான்.

பாய்லருக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. நெருப்பை அணைத்தால் மறுபடி ஆவி ஏற மூன்று மணி நேரம் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஆவிக் குழாயை மட்டும் மூடிவிட்டு, உமி நெருப்பைக் குறைத்து வைப்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் பச்சைமுத்து. 1975 முதல் எங்கள் பாய்லர்காரர். தொண்டூரிலிருந்து சைக்கிளில் வருவார். நெருப்புக்கு முன்னால் நின்று நின்று முகமும் முன்கைகளும் ஒரு நிறம், மற்ற இடம் ஒரு நிறம் ஆகியிருக்கும்.

“எல்லாருக்கும் வெள்ளிக்கெழம சாமி கும்பிட டைம் குடுத்தீங்க மொதலாளி. எனுக்கு இந்த பாய்லருதான் சாமி. எந்திரிச்சி போனா கோவிச்சிக்கும்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தாவும்.

குழாயை மூடினால் ஆவி வெளியேற வழி இல்லை. அழுத்தம் ஏறும். ஒரு அளவுக்கு மேல் ஏறினால் பாய்லரின் உச்சியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, மிச்ச ஆவியை வெளியே விடும். அப்போது அது கத்தும். திண்டிவனம் ரோட்டிலிருந்து பள்ளிவாசல் வரை கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் ஏறக்குறைய ஒன்று ஐந்துக்கு இது நடக்கும். கடைத்தெருவில், “பாய்லரு கத்துது, பாய்ங்க வந்துருவாங்க” என்று ஷட்டரைத் தூக்குவார்கள். பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டும்போது, “பச்சமுத்து இன்னிக்கி ரெண்டாவது பாங்கு சொல்லிட்டாம்பா” என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். பாய்லரில் இருந்த அழுத்தமானியின் கண்ணாடி புகையேறிக் கறுத்துப்போயிருந்தது. பச்சைமுத்து அதைப் பார்ப்பதில்லை. வால்வு கத்தினால், நீளக் கம்பியால் நெருப்பில் பாதியை வெளியே இழுத்துவிடுவார். கத்தும் வரை சும்மா உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருடமாக அதுதான் அவருடைய மீட்டர். மில்லில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1984 செப்டம்பரில் பக்ரீத் விடுமுறைக்கு வந்திருந்தேன். சொர்ணவாரி அறுவடை முடிந்து நெல் குவிந்துகொண்டிருந்தது. வால்வு சரியாக மூடாமல் இரவும் பகலும் ஆவி கசிந்தது. நெல் அவிப்பது தாமதமானது. உமி இரண்டு மடங்கு எரிந்தது. ஃபிட்டர் ஆதிமூலத்தை வரவழைத்தார் அத்தா. அவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்.

“வால்வு உக்கார்ற சீட்டு தேஞ்சிபோச்சி மொதலாளி. பாய்லர ஆறவெச்சி, வால்வ கழட்டி, கடைசல் புடிச்சி மாட்டணும். மூணு நாளு ஆவும்.”

“மூணு நாளா? ஆறு தொட்டில நெல்லு ஊறிக்கினு இருக்குதுய்யா. நாறிப்பூடும். ஊரான் ஊட்டு நெல்லு.”

“நான் சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்.” கையைத் துடைத்துக்கொண்டு ஆதிமூலம் போய்விட்டார்.

அத்தா என் பக்கம் திரும்பினார். “நூரு, நீ படிச்சவன். இன்னா சொல்ற?”

அந்த வால்வு பழைய மாதிரி. ஒரு நீளத் தண்டு, ஒரு முனையில் கீல், நடுவில் வால்வு, மறு முனையில் இரும்புக் குண்டு. குண்டின் எடைதான் வால்வை அழுத்தி மூடி வைக்கிறது. குண்டை முனையை நோக்கித் தள்ளினால் வால்வு இன்னும் இறுகும். கசிவு நிற்கும். ஆனால் திறப்பதற்கு அதிக அழுத்தம் வேண்டும். எவ்வளவு அதிகம், அதைத் தகடு தாங்குமா என்பது கணக்கு. நோட்டில் ஒரு பக்கம் போட்டுப் பார்த்தேன். தாங்கும் என்று வந்தது. தகட்டின் கனத்தை, பாய்லரைச் செய்த கம்பெனி அதன் பெயர்ப்பட்டையில் பொறித்திருந்த அளவிலிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர் அந்தத் தகட்டை உள்ளிருந்து எவ்வளவு தின்றிருந்தது என்று அளக்கவில்லை.

“ரெண்டு அங்குலம் தள்ளலாம் அத்தா. பத்து நாளைக்குத் தாங்கும். தொட்டி காலியானதும் கட்டாயம் நிறுத்தி வால்வ சரி பண்ணிடணும்.”

“தள்ளலாமா? தப்பில்லியே?”

“தகடு தாங்கும்.”

உச்சியில் கசிந்த ஆவியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “பிஸ்மில்லா சொல்லித் தள்ளு” என்றார்.

பூட்டு ஆணியைக் கழற்றி, குண்டைத் தள்ளி, மறுபடி ஆணி அடித்தேன். கசிவு உடனே நின்றது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பச்சைமுத்து கை தட்டினார்.

“இன்னா சின்ன மொதலாளி, ஒரே தள்ளுல அது வாய மூட்டீங்களே! எம்பொண்டாட்டிக்கி ஒரு குண்டு குடுங்களேன், கொண்டும் போறேன்.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அது செவ்வாய்க்கிழமை. புதன் இரவு நான் திருச்சிக்கு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மில் நின்றது. பெண்கள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். அது களத்தின் மறுகோடியில் இருந்ததால் பிழைத்தார்கள். பச்சைமுத்து குழாயை மூடிவிட்டு உட்கார்ந்தார். வால்வு கத்தவில்லை. வால்வைச் சரிசெய்தாயிற்று, இனிக் கத்தாது என்று நினைத்திருப்பார். ஒன்று இருபதுக்கு வெடித்தது.

அத்தா அப்போது சஜ்தாவில் இருந்தார், நெற்றியைத் தரையில் வைத்து. சத்தம் கேட்டது. மலைப்பக்கம் கல்லுக்கு வெடி வைக்கிறார்கள் என்று எண்ணினார். தொழுகையை முழுவதும் முடித்து, சலாம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். வாசலுக்கு வந்தபோது திண்டிவனம் ரோட்டின் மேல் வெள்ளையாகப் புகை நின்றது.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். “ஹஜ்ரத் குத்பா பேசிக்கினு இருக்கும்போதே ஒரு நெனப்பு வந்துதுடா. மணி ஆயிட்டுது, இன்னும் சத்தம் வரலியேன்னு. நூரு செஞ்ச ரிப்பேரு நல்லா நிக்கிதுன்னு சந்தோசப்பட்டன்.”

தந்தி கிடைத்து நான் சனிக்கிழமை வந்து சேர்ந்தேன். தொண்டூரில் பச்சைமுத்துவை எடுத்துவிட்டிருந்தார்கள். அத்தா வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். பையைக்கூட இறக்க விடவில்லை.

“குண்டத் தள்ளினது நானு. கேட்டவங்ககிட்ட அப்டித்தான் சொல்லிருக்கன்.”

“நான்தானே அத்தா...”

“மில்லு யாருது?”

நான் பையை மறு கைக்கு மாற்றினேன்.

“யாருதுடா?”

“உங்களுது.”

“தள்ளுன்னு சொன்ன வாயி யாருது? ஆதிமூலம் நிறுத்துன்னு சொன்னான். நிறுத்தாதவன் யாரு? அவ்ளோதான். உள்ள போயி உங்கம்மாவப் பாரு, நேத்துலேர்ந்து சாப்பிடல.”

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. என் பெயர் வெளியே வந்திருந்தால் வேலை போயிருக்கும், வழக்கும் வந்திருக்கும். அத்தா பொறுப்பு என்று நம்பியதைச் செய்தாரா, மகனைக் காப்பாற்றினாரா? பல முறை யோசித்துவிட்டேன். பிரித்து எடுக்க முடியவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை என்பது மட்டும் தெளிவு.

விசாரணை நடந்தது. கோர்ட்டில் அத்தா, குண்டைத் தள்ளியது தான் என்று ஒப்புக்கொண்டார். சட்டப்படி கட்ட வேண்டிய அபராதத்தையும் நஷ்ட ஈட்டையும் கொடுத்தார். மில் இருந்த இடத்தை விற்றார். எல்லாம் தீர்ந்தது என்று வக்கீல் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்து, எல்லாம் இறைவன் விதித்தது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

“விதின்னா சரி ஹஜ்ரத். ஆனா அவன் எங்கிட்ட கேப்பானே. எல்லாருக்கும் ஒரு மணி நேரம் குடுத்தியே, பச்சமுத்துக்கு எங்கடான்னு கேப்பானே. இன்னா சொல்றது?”

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

எங்கள் மார்க்கத்தில் ஒன்று உண்டு. இறைவனுக்குச் செய்த தவறை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த தவறை அந்த மனிதன் மன்னிக்காமல் இறைவன் மன்னிப்பதில்லை. அத்தா ஓதிப் படித்தவர் அல்ல. ஆனால் இதை மட்டும் சிறு வயதிலிருந்தே கெட்டியாகப் பிடித்திருந்தார். பச்சைமுத்து இல்லை. அவருக்காகச் சொல்லக்கூடியவர் ஆண்டாள்தான்.

முதல் முறை நானும் கூடப் போனேன். கருமாதி முடிந்த மறுவாரம். ஆண்டாள் கடலைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். எங்களைக் கண்டதும் கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்தேன். இல்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறன் பாய். எல்லாரையும் ஒரு மணி நேரம் எழுப்பி வுட்டீங்களே, எம்புருசன மட்டும் ஏன் அங்க குந்த வெச்சீங்க?”

“யோசிக்கலம்மா.”

“ஒம்போது வருசமாவா யோசிக்கல?”

“யோசிக்கல.”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நெருப்பை அணைக்க முடியாது, ஆவி ஏற மூன்று மணி நேரமாகும் என்று நான் வாயெடுத்தேன். அத்தா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“குண்டத் தள்ளினவன் நானு. அவன அங்க வெச்சவனும் நானு. என்னப் பொறுத்துக்கம்மா.”

ஆண்டாள் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “கோவம்லாம் இல்ல பாய். ஆனா அந்த வார்த்த வாயில வருல. வராதத எப்டி சொல்றது?” உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தா குடித்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அத்தா தொண்டூர் பஸ்ஸைப் பிடிப்பார். திரும்பி வரும்வரை சாப்பிட மாட்டார். என் அம்மா மெஹர் பானு வாசலிலேயே கேட்பார்.

“இன்னிக்காவது சொன்னாளா?”

“தண்ணி குடுத்தா.”

“தண்ணி குடிக்கவா அவ்ளோ தூரம்? நம்ம ஊட்டுக் கொழாயில வரதுக்கு இன்னா கேடு?”

அத்தா செருப்பைக் கழற்றுவார். அம்மா சோறு போடுவார். இதே பேச்சு ஏறக்குறைய ஐம்பது முறை நடந்திருக்கும்.

மில்லை விற்ற பிறகு அத்தா பழைய நெல் மண்டிக்கே போனார். மண்டிக்காரரின் மகன் இப்போது முதலாளி. நாற்காலியில் உட்கார்ந்து வரும் நெல்லைத் தரம் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அத்தா கோணி ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐம்பத்தாறு வயதில் மறுபடியும் சாக்கு தைத்தார். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் பள்ளிவாசலுக்குக் கிளம்பிய பிறகும் அவர் மண்டி வாசலிலேயே நிற்பார். வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும்வரை நிற்பார். வாட்ச்மேன் ஆற அமரச் சாப்பிடுகிறவர். பல வாரம் அத்தாவுக்குக் குத்பா கிடைக்காது. கடைசி வரிசையில் ஓடிப் போய்ச் சேர்ந்துகொள்வார்.

‘இதெல்லாம் இப்ப செஞ்சி இன்னா ஆவப்போவுது’ என்று ஊரில் சிரித்தார்கள். அது அவருக்கும் தெரியும். அவர் முகத்தில் நிம்மதி வந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஆகஸ்டில் மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு ஈரல் முழுக்கப் போய்விட்டது என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். அக்டோபரில் அவரால் தொண்டூருக்குப் போக முடியவில்லை. முதல் வெள்ளிக்கிழமை முழுவதும் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

“அத்தா, நான் போய் ஆண்டாளக்காகிட்ட உண்மையச் சொல்லிடறேன். தள்ளினவன் நான்னு.”

“சொல்லி?”

“உங்க மேல இருக்கறது எறங்குமில்ல.”

“எங்க எறங்கும்? தள்ளச் சொன்னது நானு. ஒரு ஆள அங்கியே மறந்தவன் நானு. நீ சொன்னா அதெல்லாம் மாறிடுமா? வுடுடா.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “அவ இன்னும் சொல்லலியே, நூரு.”

அதுதான் எனக்குப் புரியும்படி அவர் பேசிய கடைசிப் பேச்சு. நவம்பரில் ஒரு வியாழன் இரவு இறந்தார். மறுநாள் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அடக்கம். வெள்ளிக்கிழமை போகிறவர் பாக்கியசாலி என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசு எழுந்து கேட்பது வழக்கம். அத்தாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் பக்கத்தில் நின்று நான் கேட்டேன். “எங்க அத்தா உங்களில் யார் மனதையாவது நோகடித்திருந்தால், யாருக்காவது அநியாயம் செய்திருந்தால், அல்லாவுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.” எட்டு வரிசை ஆட்கள், “பொறுத்தோம், பொறுத்தோம்” என்றார்கள். அவர்களில் ஒருவருக்கும், பொறுத்துக்கொள்ளும்படியான தவறு எதையும் அத்தா செய்ததில்லை.

ஆண்டாள் வந்திருந்தார். செய்தி சொல்லி அனுப்பியது ஆதிமூலம். மழையில் நனைந்து, பள்ளிவாசலுக்கு எதிரே மூடிய கடை ஒன்றின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். தொழுகை முடிந்ததும் சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

“அக்கா, இப்பவாவது சொல்லிடுங்க. மண்ணுல வெக்கறதுக்கு முன்னாடி.”

“வந்தன் தம்பி. ஊட்டுல மொகம் பாத்தன். அழுதன். அது வேற, இது வேற.”

“எங்க அத்தா குண்டத் தள்ளல. நான் தள்ளினேன். என் கையால. கணக்கு போட்டதும் நான்தான். எனக்காக அவர் தன் மேல போட்டுக்கிட்டாரு.”

ஆண்டாள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் நெற்றியிலிருந்து வழிந்தது.

“பாய் பொய் சொன்னாருன்றியா?”

“எனக்காக.”

“நாலு வருசம். மாசாமாசம் வந்து என் எதுருல நின்னு, நாந்தாம்மா தள்ளினேன்னு சொன்னாரு. பொய் சொல்ற மொகம் எனுக்குத் தெரியாதா? எம்புருசன் எத்தினி சொல்லிருக்கான்! பாய் சொன்னது நெசம். அது நெசமா இருக்கங்காட்டிதான் என்னால அந்த வார்த்தய சும்மா சொல்ல முடியல. நீ உங்கப்பனுக்காவ இப்ப வந்து சொல்ற. நல்ல புள்ளதான். போ தம்பி. தூக்கறாங்க பாரு.”

தூக்கிவிட்டார்கள். கலிமா சொல்லும் சத்தம் நகர்ந்துகொண்டிருந்தது. ஓடிப் போய்த் தோள் கொடுத்தேன்.

ஜனவரியில் நான் தொண்டூருக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. 1984இல் கணக்கு போட்ட அந்த நோட்டின் பக்கத்தைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். என் கையெழுத்து, தேதி, எல்லாம் அதில் உண்டு. என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். ஆண்டாள் முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா எழுத்து இது?”

“இங்கிலீஷ்க்கா. கணக்கு. வால்வுக்குப் போட்டது. கீழ தேதி இருக்குது, உங்க பொண்ணு வந்தா படிக்கச் சொல்லுங்க. வெடிச்சதுக்கு மூணு நாள் முன்னாடி.”

“எழுதுனது நீயா?”

“நான்தான்.”

“இன்னா இன்னா எழுதிருக்க?”

விரல் வைத்துக் காட்டினேன். தண்டின் நீளம் இது. குண்டின் எடை இது. வால்வின் வாய் அளவு. தகட்டின் கனம். கடைசியில் கோடு போட்டு விடை. அவர் ஒவ்வொன்றையும் நான் காட்டிய இடத்தில் பார்த்தார்.

“எம்புருசன் எங்க இருக்காரு இதுல?”

இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தேன்.

“இல்லக்கா.”

“வெள்ளிக்கெழம?”

“இல்ல.”

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தார். “உங்கப்பன் யோசிக்கலன்னு ஒத்த வார்த்தைல சொல்லிட்டாரு. நீ ஒரு பக்கம் எழுதிருக்க.”

அத்தாவை மன்னித்துவிடும்படி கேட்டேன். என்னையும் என்று கேட்டேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்து உள்ளே போய், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடியும் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். கடலையை உடைக்கத் தொடங்கினார்.

குடித்தேன். செஞ்சிக்கு பஸ் நான்கு பத்துக்கு. வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சோறு எடுத்து வைத்தார்.